எண்பதாம் நம்பர் வாசலில் யார் நிற்பது?

என் அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று பக்கத்துக்கு ஊர் வம்பெல்லாம் எழுதிவிட்டு, கடைசி நாலு வரியில் குண்டைப் போட்டிருக்கிறாய். உன் நாத்தனார் மகன் லீவுக்கு வந்தானாம். உங்கள் பதிப்பகத்தின் சர்வரைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன அத்தை, இன்னுமா அப்பாச்சி? அதைத் தூக்கிப் போட்டுட்டு என்ஜின்எக்ஸ் போடுங்க" என்றானாம். சொன்னதோடு விட்டானா? என்ஜின்எக்ஸை இன்ஸ்டாலும் செய்துவிட்டு, புத்தக ஆர்டர் எடுக்க பைதானில் ஒரு புது ஆப்பும் எழுதி வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டான். இப்போது அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் என்ற இரண்டு வெப் சர்வர்களில் ஒன்று எழுந்தால் இன்னொன்று படுக்கிறது. "இரண்டும் ஒரே மெஷினில் இருக்குமா, இல்லை ஒன்றைத் துரத்தியே ஆகணுமா?" என்று என்னைக் கேட்கிறாய்.

இருக்கும்டி. தாராளமாக இருக்கும். உலகத்தில் எத்தனையோ மெஷின்களில் இருபது வருஷமாக இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் ஒன்று. அவற்றை அடுத்தடுத்து வைப்பது பத்து நிமிஷ வேலை. முன்னால் நிற்பது பின்னால் இருப்பதிடம் போய் என்ன சொல்கிறது என்பதில்தான் எல்லாக் கூத்தும் இருக்கிறது. அந்தக் கூத்தை விலாவாரியாக எழுதுகிறேன். காபி போட்டுக்கொண்டு உட்கார்.

முதலில் சண்டை எதற்கு என்று பார்ப்போம். வேறு எதற்கும் இல்லை, வாசலுக்கு. ஒரு ஐபி முகவரியில் 65,535 போர்ட் நம்பர்கள் உண்டு. ஆனால் பிரவுசரில் உங்கள் பதிப்பகத்தின் பெயரைத் தட்டுகிற எல்லாரும் வந்து நிற்பது இரண்டே இரண்டில்: சாதா எச்டிடிபி என்றால் 80, பூட்டுப் போட்ட எச்டிடிபிஎஸ் என்றால் 443. ஒரு போர்ட்டை ஒரு சர்வர்தான் பிடித்துக்கொண்டு உட்கார முடியும். முதலில் எழுந்தது பிடித்துக்கொள்ளும். அடுத்து வந்தது, ‘அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்’ என்று 98ஆம் நம்பர் பிழையை லாகில் புலம்பிவிட்டுப் படுத்துவிடும். "நேற்று வரைக்கும் நல்லா ஓடிச்சு, ரீபூட் பண்ணினதும் கடையைக் காணோம்" என்று எழுதியிருக்கிறாயே, சங்கதி இதுதான். மெஷின் எழும்போது இரண்டும் தானாக எழ வேண்டும் என்று பதிந்து வைத்திருக்கிறது. அன்றைக்கு என்ஜின்எக்ஸ் முந்திக்கொண்டது. புத்தகங்கள் தெரிய வேண்டிய இடத்தில் ‘வெல்கம் டு என்ஜின்எக்ஸ்’ என்று ஒரு வெறும் பக்கம் பல்லை இளித்தது. "ஹேக் பண்ணிட்டாங்க" என்று உன் வீட்டுக்காரர் பதறி, டீ கடை வரைக்கும் அந்தச் செய்தி போனது தனிக் கதை.

யார் எந்த போர்ட்டைப் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க எஸ்எஸ் என்ற கமாண்ட் இருக்கிறது. ஒரு ஹைஃபன் போட்டு டி, எல், என், பி என்ற நாலு சின்ன எழுத்தைச் சேர்த்து, சூடோவோடு ஓட்டிப் பார். போர்ட்டும் அதைப் பிடித்திருப்பவரின் பெயரும் வரிசையாக வந்து விழும். எந்தப் பஞ்சாயத்துக்கும் முன்னால் இதை ஓட்டிவிடு. பாதி பேர் இதைப் பார்க்காமலே மூன்று மணி நேரம் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

சரி, இப்போது இரண்டு வீட்டுச் சமாச்சாரமும் சொல்கிறேன். உனக்கு இதெல்லாம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா?

அப்பாச்சியின் பூர்வீகம் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ என்ற கணினி மையம். மொசைக் பிரவுசர் பிறந்த அதே இடம். அங்கே ராப் மெக்கூல் எழுதிய வெப் சர்வரைத்தான் ஆரம்ப நாட்களில் ஊரே எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தது. 1994 நடுவில் மனுஷர் அந்த இடத்தை விட்டுக் கிளம்பிவிட்டார். சர்வர் அநாதையாக நின்றது. அங்கங்கே சைட் நடத்தியவர்கள் தங்களுக்குத் தெரிந்த ஓட்டையைத் தாங்களே அடைத்துக்கொண்டு ஓட்டினார்கள். பிறகு ப்ரையன் பெலன்டார்ஃபும் இன்னும் சிலருமாக எட்டுப் பேர் ஈமெயிலிலேயே கூடி, தனித்தனியாக அடைத்த ஒட்டுகளை ஒன்று சேர்த்தார்கள். 1995 ஏப்ரலில் முதல் வெளியீடு. அதன் பிறகு ராபர்ட் தாவ் என்பவர் உள்ளே இருந்த மொத்தக் கட்டமைப்பையும் புதிதாக எழுதினார். அதற்கு அவர் வைத்த செல்லப் பெயர் என்ன தெரியுமா? ஷம்பாலா! நம் பக்கத்துப் புராணப் பெயர் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்ததோ. 1995 டிசம்பர் 1 அன்று 1.0 வந்தது. கூட்டம் சேர்ந்து ஒரு வருஷம் ஆவதற்குள் என்சிஎஸ்ஏ சர்வரையே பின்னுக்குத் தள்ளி முதலிடத்தில் உட்கார்ந்தாயிற்று.

உன் மெஷினில் ஓடும் அப்பாச்சியின் குணங்களில் பலவும் அந்தப் புதுக் கட்டமைப்பில் வந்தவை. எது வேண்டுமோ அதை மாட்யூலாகச் செருகிக்கொள்ளலாம். முன்கூட்டியே சில ப்ராசஸ்களைப் பெற்று வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொருவருக்கும் ஒன்றை முழுசாக ஒதுக்கிவிடும். பிஎச்பியையும் அதே ப்ராசஸுக்குள் உட்கார வைக்கலாம். அப்புறம் அந்த டாட் எச்டிஆக்சஸ் ஃபைல்! எந்த ஃபோல்டரில் வேண்டுமானாலும் ஒன்றைப் போட்டு, "இங்கே பாஸ்வேர்டு கேள், அந்தப் பக்கத்தை இங்கே திருப்பு" என்று கட்டளை எழுதிவிடலாம். சர்வரை ரீஸ்டார்ட் செய்யவே வேண்டாம். உங்கள் சைட்டில் அந்த மாதிரி எத்தனை கிடக்கின்றன என்று எனக்குத் தெரியும். பத்து வருஷமாக வந்து போன ஒவ்வொரு வெப் டிசைனரும் ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

என்ஜின்எக்ஸின் கதை மாஸ்கோவில். இகோர் சிசோயேவ் என்பவர் அங்கே ராம்ப்ளர் என்ற பெரிய இணைய நிறுவனத்தில் சிஸ்டம் நிர்வாகி. அப்பாச்சி 1.3 ஓடிக்கொண்டிருந்த காலம். ஆட்கள் கூடக் கூட, ஆளுக்கு ஒரு ப்ராசஸ் என்ற முறை மூச்சு வாங்கியது. ஒரே மெஷினில் பத்தாயிரம் இணைப்புகளை எப்படித் தாங்குவது என்று டான் கேகல் 1999இல் எழுதிய கட்டுரை அப்போது எல்லார் வாயிலும் இருந்தது. சிசோயேவ் என்ன செய்தார்? முதலில் அப்பாச்சியை வைதுகொண்டு போகவில்லை. அப்பாச்சிக்கே ஒரு மாட்யூல் எழுதினார். மாட் ஆக்ஸெல் என்று பெயர். முன்னால் ஒன்று நின்று வந்தவர்களை வாங்கி, பின்னால் இருக்கும் சர்வரிடம் வேலையைக் கொடுக்கும் ஏற்பாடு. அது போதவில்லை என்று ஆன பிறகுதான், 2002இல், முன்னால் நிற்பதற்கென்றே புதிதாக ஒன்றை எழுத உட்கார்ந்தார். 2004 அக்டோபர் 4 அன்று ஊருக்குக் கொடுத்தார். ஸ்புட்னிக் பறந்த அதே அக்டோபர் 4. ரஷ்யக்காரர் இல்லையா!

இதை உன் நாத்தனார் மகனிடம் அவசியம் சொல். அவன் நினைக்கிற மாதிரி என்ஜின்எக்ஸ் அப்பாச்சியை ஒழிக்க வந்த எதிராளி இல்லை. கனமான ஒரு சர்வருக்கு முன்னால் நின்று கூட்டத்தைத் தாங்குவது அதற்குப் பிறவி வேலை.

அதற்கப்புறம் நடந்ததுதான் சுவாரஸ்யம். 2011இல் கம்பெனி ஆரம்பித்தார்கள். 2019 மார்ச்சில் எஃப்5 என்ற அமெரிக்க நிறுவனம் 67 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அதே வருஷம் டிசம்பரில் மாஸ்கோ அலுவலகத்துக்குள் போலீஸ் நுழைந்தது! எதற்கு? "எங்களிடம் சம்பளம் வாங்கும்போது எழுதினது, அதனால் அது எங்களுக்குச் சொந்தம்" என்று ராம்ப்ளர் உரிமை கோரியிருந்தது. பதினைந்து வருஷம் ஊரெல்லாம் இலவசமாக ஓட்டியபோது வராத ஞாபகம், காசு கைமாறியதும் வந்துவிட்டது, பார்த்தாயா? உலகம் முழுக்க சாஃப்ட்வேர்க்காரர்கள் கொதித்தார்கள். கொஞ்ச நாளிலேயே ராம்ப்ளர் தரப்பே கிரிமினல் வழக்கைக் கைவிடச் சொன்னது. 2022இல் சிசோயேவ் எஃப்5ஐ விட்டு விலகிக்கொண்டார். 2024இல், அதை வருஷக்கணக்கில் எழுதிவந்த மக்ஸிம் டூனின் மனஸ்தாபத்தில் பிரிந்து ஃப்ரீஎன்ஜின்எக்ஸ் என்று தனிக் கிளை தொடங்கினார். இந்த வம்பால் எல்லாம் உன் சர்வருக்கு ஒரு பாதகமும் இல்லை. சும்மா சொன்னேன்.

இனி உன் மெஷினுக்கு வருவோம். ஏற்பாடு இப்படி இருக்கட்டும்: வெளியே 80, 443 இரண்டு வாசலிலும் என்ஜின்எக்ஸ் நிற்கும். அப்பாச்சி வீட்டுக்குள்ளே போய்விடும்: 127.0.0.1 என்ற உள்முகவரியில், 8080 என்ற போர்ட்டில். பழைய வேர்ட்பிரஸ் கடையைக் கேட்டு வருகிறவர்களை என்ஜின்எக்ஸ் அப்பாச்சியிடம் அனுப்பும். புது ஆர்டர் ஆப்பைக் கேட்டால் பைதான் பக்கம் அனுப்பும். அதுவும் உள்ளேயே 8000இல் உட்காரட்டும். இரண்டு ஐபி வாங்கி ஆளுக்கு ஒன்று கொடுக்கலாம், அப்பாச்சியையே முன்னால் நிறுத்தி என்ஜின்எக்ஸைப் பின்னால் தள்ளவும் செய்யலாம். உன் அளவுக்கு அதெல்லாம் வெட்டி வேலை.

இதில் என்ன லாபம் என்று கேட்பாய். உன் வாசகர்கள் யார்? பாதிப் பேர் பஸ்ஸில் போய்க்கொண்டே போனில் பார்க்கிறவர்கள். சிக்னல் வரும், போகும். ஒரு பக்கத்தை அனுப்பி முடிக்க அரை நிமிஷம் ஆகிறது என்று வை. அந்த அரை நிமிஷமும் அப்பாச்சியின் ஒரு ப்ராசஸ், பிஎச்பியையும் சுமந்துகொண்டு, அவருக்காகவே கைகட்டி நிற்க வேண்டும். ப்ராசஸ் ஒன்று 40 எம்பி தின்கிறது என்று வைத்துக்கொள். டெபியனில் வரும்போதே 150 ப்ராசஸ் வரைக்கும் போகலாம் என்று எழுதித்தான் வரும். பெருக்கிப் பார், 6 ஜிபி. உன் மெஷினில் இருப்பது 2. புத்தகக் கண்காட்சி சமயத்தில் சர்வர் ஏன் மூர்ச்சை போட்டது என்று இப்போது புரிகிறதா?

என்ஜின்எக்ஸ் முன்னால் நின்றால், அப்பாச்சி பக்கத்தைத் தயார் செய்து ஒரு நொடிக்குள் அதன் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடும். அந்த பஸ் வாசகருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவது என்ஜின்எக்ஸின் பொறுப்பு. அதற்கு ஒரு சிரமமும் இல்லை, ஏனென்றால் அது ஆளுக்கொரு ப்ராசஸ் ஒதுக்குவதில்லை. ஒன்றிரண்டு வொர்க்கர் ப்ராசஸ்களை வைத்துக்கொண்டே, எந்த இணைப்பு இப்போது தயார் என்று கெர்னலைக் கேட்டு, தயாராக இருப்பவர்களுக்கு மட்டும் பரிமாறிக்கொண்டு போகும். காத்திருப்பவர்களால் அதற்குச் செலவு சொற்பம். படம் அப்லோட் செய்கிறவர்கள் விஷயத்திலும் இதேதான்: முழுசாக வாங்கி வைத்துக்கொண்டு பிறகுதான் உள்ளே தள்ளும். 2009இல் ஸ்லோலோரிஸ் என்று ஒரு தாக்குதல் வந்தது. வேண்டுமென்றே சொட்டுச் சொட்டாகப் பேசி அப்பாச்சியின் எல்லா ப்ராசஸையும் கட்டிப்போடுகிற தந்திரம். முன்னால் என்ஜின்எக்ஸ் நின்றிருந்தவர்கள் அதற்கு அவ்வளவாக அலட்டிக்கொள்ளவில்லை.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன கூத்து. அப்பாச்சிக்கு இனிமேல் வெளியுலகம் தெரியாது. வந்தவர் யார், யார் பெயரைச் சொல்லி வந்தார், எந்த வாசல் வழியாக வந்தார், எல்லாமே என்ஜின்எக்ஸ் வந்து சொன்னால்தான் உண்டு. அது சொல்லாமல் விட்டால் அப்பாச்சி தானாக ஒன்றை நினைத்துக்கொள்ளும். அங்கேதான் குடும்பம் குழம்புகிறது.

முதல் குழப்பம் பெயரில். உன் மெஷினில் பதிப்பகமும் இருக்கிறது, உன் சிற்றிதழும் இருக்கிறது. அப்பாச்சி ஹோஸ்ட் என்ற ஹெட்டரைப் பார்த்துத்தான் எந்த சைட்டைக் காட்டுவது என்று முடிவு செய்யும். என்ஜின்எக்ஸை அதன் போக்கில் விட்டால், வந்தவர் கேட்ட பெயரைச் சொல்லாது. தான் எந்த முகவரிக்கு அனுப்புகிறதோ அந்த 127.0.0.1:8080ஐத்தான் பெயராகச் சொல்லும். அப்படி ஒரு பெயர் அப்பாச்சியிடம் கிடையாது. பட்டியலில் முதலில் இருப்பதைத் தூக்கிக் கொடுத்துவிடும். இதழ் படிக்க வந்தவர் முன்னால் சமையல் புத்தகம் வந்து நிற்கும். அப்பாச்சிக்கு அனுப்பச் சொல்லும் ப்ராக்ஸி பாஸ் வரிக்குக் கீழே, ஹோஸ்ட் ஹெட்டரை அப்படியே கடத்தச் சொல்லி ஒரு வரி எழுதினால் தீர்ந்தது.

இரண்டாவது, வந்தவரின் ஐபி. இதில் ஒரு வேடிக்கை கேள். எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில், பெயர் வேண்டாம், இதே மாதிரி இரண்டையும் வைத்தார்கள். ஐபியைக் கடத்தும் வரியை யாரும் எழுதவில்லை. அப்பாச்சியின் லாகில் வந்தவர்கள் எல்லாருமே 127.0.0.1. வேர்ட்பிரஸ்ஸில் ஒரு செக்யூரிட்டி ப்ளகின் இருந்தது. தப்பான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பப் போடும் ஐபியைத் தடை செய்வது அதன் உத்தியோகம். எங்கேயோ ஒரு போக்கிரி ப்ரோக்ராம் நூறு தடவை பாஸ்வேர்டு போட்டுப் பார்த்தது. ப்ளகின் கடமை தவறாமல் 127.0.0.1ஐத் தடை செய்தது. மேனேஜர் முதல் வாசகர் வரை அத்தனை பேரும் வெளியே! போக்கிரியைத் தவிர யாருக்கும் என்ன நடந்தது என்றே தெரியவில்லை.

அதற்கு வழி: எக்ஸ் ஃபார்வர்டட் ஃபார் என்ற ஹெட்டரில் உண்மையான ஐபியை என்ஜின்எக்ஸ் எழுதி அனுப்ப வேண்டும். அப்பாச்சியில் மாட் ரிமோட் ஐபி என்ற மாட்யூலைப் போட்டு, "அந்த ஹெட்டரை நம்பு" என்று சொல்ல வேண்டும். ஆனால் யார் சொன்னாலும் நம்பிவிடக் கூடாது. அந்த ஹெட்டரை வெளியிலிருந்து வருகிற எவனும் தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டு வரலாம். 127.0.0.1 சொன்னால் மட்டும் நம்பு என்று கட்டு. லாக் ஃபார்மட்டிலும் எச் என்று இருக்கும் இடத்தில் ஏ போடு, இல்லாவிட்டால் லாக் மட்டும் பழைய பாட்டையே பாடிக்கொண்டிருக்கும். இதோடு சேர்த்து இன்னொன்றையும் பார்த்துக்கொள். போர்ட்ஸ் டாட் கான்ஃபில் வெறுமனே 8080 என்று எழுதாதே. 127.0.0.1:8080 என்று எழுது. வெறும் 8080 என்றால் வெளியே இருந்தும் நேராக வந்து கதவைத் தட்டலாம். அப்புறம் என்ஜின்எக்ஸ் வாசலில் நின்று என்ன பிரயோஜனம்?

மூன்றாவது பூட்டு. எச்டிடிபிஎஸ் பூட்டை என்ஜின்எக்ஸ் திறந்துவிட்டு, உள்ளே சாதா எச்டிடிபியில்தான் அப்பாச்சியிடம் பேசும். ஒரே மெஷினுக்குள்தானே, பரவாயில்லை. ஆனால் அதைப் பார்த்த வேர்ட்பிரஸ், "ஐயோ, இவர் பூட்டில்லாத வழியாக வந்திருக்கிறாரே" என்று எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பி அனுப்பும். அவர் மறுபடி வருவார். மறுபடி திருப்பும். பிரவுசர் சலித்துப் போய் ‘டூ மெனி ரீடைரக்ட்ஸ்’ என்று கையை விரிக்கும். எக்ஸ் ஃபார்வர்டட் ப்ரோட்டோ என்ற ஹெட்டரை அனுப்பி, அதில் எச்டிடிபிஎஸ் என்று இருந்தால் அப்படியே எடுத்துக்கொள் என்று அப்பாச்சியில் ஒரு செட்என்வ்இஃப் வரி எழுதினால் போதும்.

இந்த மூன்றையும் எழுதிவிட்டால் அப்பாச்சிக்கு வாசலில் நடப்பது எல்லாம் தெரிந்துவிடும். அதற்கப்புறம் வருவது என்ஜின்எக்ஸின் சொந்தக் கறார்கள். ஒரு எம்பிக்கு மேல் எது வந்தாலும் 413 என்று சொல்லி வாசலிலேயே திருப்பிவிடும். பிஎச்பியில் 64 எம்பி வரைக்கும் அனுமதித்திருக்கிறேனே என்று நீ உள்ளே தேடிக்கொண்டிருப்பாய், விஷயம் உள்ளேயே வந்திருக்காது. அட்டைப் படம் ஏற்றும் பையன் முதல் நாளே உன்னிடம் அழுவான். கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ் என்ற வரியைக் கூட்டி எழுது. அப்பாச்சி ஒரு நிமிஷம் வாயே திறக்காவிட்டால் 504, அப்பாச்சி செத்தே கிடந்தால் 502. இந்த இரண்டு நம்பரையும் சுவரில் எழுதி ஒட்டிக்கொள். அவை வந்தால் என்ஜின்எக்ஸைத் திட்டாதே, அது பாவம் தகவல் சொல்கிறது.

இனிமேல் சொல்லப்போவதை மட்டும் இரண்டு தடவை படி. சிரிப்பில்லாத விஷயம்.

எங்கே கேட்டாலும் ஒரு யோசனை சொல்வார்கள்: "படம், சிஎஸ்எஸ், பிடிஎஃப் இதையெல்லாம் அப்பாச்சி வரைக்கும் அனுப்பாதே, என்ஜின்எக்ஸே டிஸ்கிலிருந்து எடுத்துக் கொடுக்கட்டும், வேகம்." வேகம்தான், மறுக்கவில்லை. ஆனால் என்ஜின்எக்ஸ் டாட் எச்டிஆக்சஸை ஏறெடுத்தும் பார்க்காது. அதற்கு அது வெறும் ஒரு ஃபைல். நீங்கள் மின்நூல்களை வைத்திருக்கும் ஃபோல்டர் ஞாபகம் இருக்கிறதா? காசு கட்டினவர்களுக்கு மட்டும் என்று பாஸ்வேர்டு போட்டு வைத்திருக்கிறீர்களே, அந்தப் பூட்டு எழுதியிருப்பது எச்டிஆக்சஸில். பிடிஎஃப் எல்லாம் என்ஜின்எக்ஸ் கொடுக்கட்டும் என்று ஒரு வரி எழுதிய மறு நிமிஷம், முகவரி தெரிந்த யாரும் மொத்தப் புத்தகத்தையும் ஓசியில் இறக்கிக்கொள்ளலாம். எங்கேயும் ஒரு பிழைச் செய்தி வராது. லாகில் எல்லாம் 200, சுபம்.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. "ஃபைல் டிஸ்கில் இருந்தால் நீயே கொடு, இல்லாவிட்டால் மட்டும் அப்பாச்சியைக் கேள்" என்று சிலர் எழுதுகிறார்கள். படிக்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் டபிள்யூபி கான்ஃபிக் டாட் பிஎச்பி என்ற ஃபைலும் டிஸ்கில்தானே இருக்கிறது? அப்பாச்சி என்றால் அதை ஓட்டும், வெளியே ஒன்றும் தெரியாது. என்ஜின்எக்ஸுக்கு பிஎச்பி ஓட்டத் தெரியாது, அதனால் ஃபைலை அப்படியே எடுத்து நீட்டிவிடும். உன் டேட்டாபேஸின் பெயர், பாஸ்வேர்டு அத்தனையும் எழுத்து எழுத்தாக. உன் நாத்தனார் மகன் போட்டுவிட்டுப் போன கான்ஃபிகில் இந்த வரி இருக்கிறதா என்று இன்றைக்கே பார். ட்ரை ஃபைல்ஸ் என்று தொடங்கும்.

என்னைக் கேட்டால், முதலில் எதையுமே என்ஜின்எக்ஸிடம் நேராகக் கொடுக்காதே. எல்லாம் அப்பாச்சிக்கே போகட்டும். மெதுவான வாசகர்களிடமிருந்து காப்பாற்றுகிற பெரிய லாபம் அதிலேயே கிடைத்துவிடும். ஒரு மாசம் போனபின், வேர்ட்பிரஸ்ஸின் அப்லோட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் படங்களை மட்டும், ஃபோல்டர் பெயரைச் சொல்லித் திறந்துவிடு. ஃபைல் வகையைச் சொல்லித் திறக்காதே. புள்ளியில் தொடங்கும் எந்த ஃபைலையும் கொடுக்காதே என்று ஒரு தடையும் எழுது. டாட் எச்டி என்று தொடங்குபவற்றை அப்பாச்சி தானாகவே மறைத்து வைக்கும். என்ஜின்எக்ஸுக்கு நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். வேகம் கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

சர்டிஃபிகேட் விஷயம் சுருக்கமாக. லெட்ஸ் என்க்ரிப்ட் சர்டிஃபிகேட் 90 நாளுக்கு ஒருமுறை காலாவதி ஆகும், சர்ட்பாட் அதற்கு முன்னாலேயே புதுப்பித்துக்கொள்ளும். இதுவரை அது அப்பாச்சி ப்ளகினை வைத்துச் செய்துகொண்டிருந்தது. இனி என்ஜின்எக்ஸ் ப்ளகினுக்கு மாற்று. மாற்றாவிட்டால் அடுத்த புதுப்பிப்பு எல்லாம் அப்பாச்சியிடமே போய்க் கொண்டிருக்கும். அப்பாச்சியின் போர்ட்ஸ் டாட் கான்ஃபில் 443ஐக் கேட்கும் வரியும் ஒன்று இருக்கும். 80ஐ மட்டும் மாற்றிவிட்டு அதை அப்படியே விட்டால், அடுத்த ரீபூட்டில் அதே 98, அதே சண்டை.

இனி மெயின் கேள்வி: உன் நாத்தனார் மகன் சொன்னது சரியா? பாதி சரி. அந்தப் புது ஆப் இல்லாமல் பழைய கடை மட்டும் இருந்திருந்தால், "என்ஜின்எக்ஸை எடுத்துவிடு" என்றே நான் சொல்லியிருப்பேன். அப்பாச்சியை இன்னும் ஆளுக்கொரு ப்ராசஸ் என்று கேலி செய்வது பழைய கதை. 2012இல் வந்த 2.4இல் ஈவென்ட் என்று ஒரு முறை பக்குவப்பட்டுவிட்டது. பிஎச்பியை வெளியே எடுத்து பிஎச்பி எஃப்பிஎம்மில் ஓட்டினால், சும்மா காத்திருக்கும் இணைப்புகளை அதுவும் சிக்கனமாகவே தாங்கும். நாளைக்கு ஆயிரம் பேர் வரும் கடைக்கு அது யதேஷ்டம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதைப் பார்த்தாலும் பழசு, மாற்று என்றுதான் வருகிறது. ஓடுகிற பத்து வருஷத்து எச்டிஆக்சஸ் எல்லாவற்றையும் என்ஜின்எக்ஸ் பாஷைக்கு யார் உட்கார்ந்து மாற்றுவது? இவனா? இவன்தான் பஸ் ஏறிவிட்டானே!

ஆனால் புது ஆப்பும் வந்தாயிற்று. பைதானுக்கும் வேர்ட்பிரஸ்ஸுக்கும் பொதுவாக வாசலில் ஒருவர் வேண்டும். அந்த வேலைக்கு என்ஜின்எக்ஸ்தான் லாயக்கு. அதனால் இரண்டும் இருக்கட்டும். அப்பாச்சியின் பழைய எச்டிஆக்சஸ்களை ஒரு எழுத்து மாற்றாமல் விட்டுவிடு.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல், ஆர்டர் வராத நேரமாகப் பார்த்துப் போன் பண்ணு. நான் இங்கே விழித்திருப்பேன். அதற்கு முன்னால் ஈடிசி ஃபோல்டரில் அப்பாச்சி2, என்ஜின்எக்ஸ் இரண்டையும் அப்படியே ஒரு காப்பி எடுத்து வை. அப்பாச்சியை முதலில் 8080க்கு நகர்த்துவோம், பிறகு என்ஜின்எக்ஸை எழுப்புவோம். தலைகீழாகச் செய்துவிடாதே. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு ரீஸ்டார்ட்டை அழுத்தும் முன், என்ஜின்எக்ஸ் ஹைஃபன் டி, அப்பாச்சி2சிடிஎல் கான்ஃபிக்டெஸ்ட் இரண்டையும் ஓட்டு. கான்ஃபிகில் எழுத்துப் பிழை இருந்தால் அங்கேயே சொல்லிவிடும். எல்லாம் முடிந்ததும் மெஷினை ஒரு தடவை ரீபூட் செய்து காட்டு, அதன் பிறகுதான் நான் தூங்கப் போவேன். மின்நூல் ஃபோல்டரை பாஸ்வேர்டு இல்லாமல் திறந்து பார்க்க, உங்கள் வீட்டு வைஃபையில் இல்லாத ஒரு போனையும் பக்கத்தில் வைத்துக்கொள்.

உன் வீட்டுக்காரரிடம், யாரும் ஹேக் பண்ணவில்லை என்று டீ கடையிலும் போய்ச் சொல்லச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் ரூம்மேட்